முள்ளிவாய்க்காலும் மாதோட்டமும்: ஊருக்குப் போறாக்கள் வாசிச்சிட்டுப் போங்கோ

லீவுக்கு ஊருக்குப் போற எங்கட ஆக்கள் கனபேர் நல்லூர், கீரிமலை, கசூரினா எண்டு சுத்திப்போட்டு வந்திடுகினம், பிள்ளையளுக்கு 2009இல சண்டை முடிஞ்ச முள்ளிவாய்க்காலைக் காட்டவேணும் எண்டு ஆசை இருக்கும் ஆனா எப்பிடிப் போறது, அங்கை போய் எப்பிடி நடக்கிறது எண்டு தெரியாது. ரெண்டு நாள் ஒதுக்குங்கோ. முதல்நாள் முல்லைத்தீவுக் கரை, அடுத்தநாள் மன்னார்க் கரை, பழைய துறைமுகம் மாதோட்டம் இருந்த பக்கம். முள்ளிவாய்க்காலோட நிப்பாட்டினா பிள்ளை எங்கட கதை முழுக்க 2009தான் எண்டு நினைச்சுக்கொண்டு பிளேன் ஏறும், என்ர மகளுக்கு அப்பிடித்தான் நடந்தது, அதாலதான் இதை எழுதுறன்.

யாழ்ப்பாணத்திலயிருந்து விடிய 6 மணிக்கே வெளிக்கிடுங்கோ, வெய்யிலுக்கு முதல் போயிடலாம். ஆனையிறவில உப்பளத்துக்குப் பக்கத்தில 1991 சண்டையில அடிபட்ட புல்டோசர் நிக்குது, கொஞ்சம் தள்ளி ஆமி கட்டின நினைவுத்தூண். 2000 ஏப்ரலில புலிகள் பிடிச்சதும் 2009 ஜனவரியில ஆமி திருப்பிப் பிடிச்சதும் இதே இடம்தான். போர்டில இருக்கிறது ஒரு பக்கத்துக் கதை, மற்றப் பக்கத்தை வானுக்குள்ளேயே பிள்ளையளுக்குச் சொல்லிப்போடுங்கோ, அங்கை நிண்டு சத்தமாக் கதைக்க வேண்டாம்.

பரந்தன் சந்தியில இடப்பக்கம் திரும்பினா விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு முள்ளிவாய்க்கால். சாப்பாடு, தண்ணி எல்லாம் புதுக்குடியிருப்பிலேயே வாங்குங்கோ. ஒருபக்கம் பெருங்கடல், மற்றப்பக்கம் நந்திக்கடல், நடுவில ஒடுங்கின மணல், அவ்வளவுதான் இடம். சூட்டுத் தவிர்ப்பு வலயம் எண்டு அரசாங்கம் சொல்லி அந்த ஒடுக்கத்துக்குள்ளதான் அவ்வளவு சனத்தையும் வரவிட்டு ஷெல் அடிச்சவங்கள். அதைச் செய்தியில பாத்ததுக்கும் அங்கை நிண்டு ரெண்டு பக்கத் தண்ணியையும் பாக்கிறதுக்கும் கன வித்தியாசம். நான் போனநேரம் மணலுக்குள்ள ஒரு சின்னப்பிள்ளைச் செருப்பின்ர வார் கிடந்தது, நீல நிறம், பக்கிள் துருப்பிடிச்சு. எடுக்கேல்லை. நீங்களும் ஒண்டையும் எடுக்காதேங்கோ, ஞாபகத்துக்கு எண்டு மணல்கூட வேண்டாம், அது ஆக்களின்ர உடம்பு கிடந்த இடம். சனம் நடந்து தேஞ்ச பாதையை விட்டு இறங்கவும் கூடாது, மண்டையோடு கீறின சிவப்பு போர்டு இருந்தா அப்பிடியே திரும்புங்கோ. முகமாலைப் பக்கம் எத்தினை வருசமா மிதிவெடி எடுத்தவை எண்டு ஊராக்களைக் கேட்டா சொல்லுவினம். ட்ரோன் பெர்மிஷன் இல்லாமல் ஏத்தக்கூடாது, காம்ப் இருக்கிற பக்கம் கமராவைத் திருப்பாதேங்கோ.

அடுத்தது வட்டுவாகல் பாலம். கடைசி நாளுகளில சனம் நடந்து கடந்தது அதாலதான், தங்கட ஆக்களை ஆமியிட்டை கையளிச்சதும் அங்கைதான், அந்தத் தாய்மார் இண்டைக்கும் பிள்ளையைத் தேடுகினம், கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20இல போராட்டத்தில குந்தினவை. அதால தேத்தண்ணிக் கடை அக்காவைப் பாத்து "அப்ப நீங்கள் எங்கை இருந்தனீங்கள்" எண்டு கேட்டுப்போடாதேங்கோ. அவவுக்குச் சொல்லவேணும் போல இருந்தா சொல்லுவா. சொன்னா போனை உள்ளுக்கு வைச்சிட்டு இருந்து கேளுங்கோ, தேத்தண்ணி ஆறினாலும் பரவாயில்லை. நந்திக்கடல் இறால் வித்தா அவையளிட்டையே வாங்குங்கோ, பேரம் பேசாமல். மே 18 நினைவுநாளுக்குப் போறதெண்டா, கடைசி நாளுகளில சனம் குடிச்சதின்ர ஞாபகமாக் குடுக்கிற கஞ்சி குடிக்கலாம், சனத்தோட விளக்கேத்தலாம், பாஸ்போட்டைக் கையோட வைச்சிருங்கோ, செக்கிங் இருக்கும். திரும்பி வரேக்கை வற்றாப்பளை அம்மனில கொஞ்சநேரம் இருங்கோ, எங்களுக்கு அது தேவைப்பட்டது.

ரெண்டாம் நாள் சங்குப்பிட்டிப் பாலத்தால போங்கோ. பூநகரிக் கோட்டை போத்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தது, இப்ப இடிஞ்ச சுவர்தான், பத்து நிமிசம் காணும். உண்மையான இடம் திருக்கேதீஸ்வரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடின தலம், சுந்தரர் சொன்ன பாலாவியில இப்பவும் இறங்கிக் கால் நனைக்கலாம். பழைய கோயிலைப் போத்துக்கேயர் இடிச்சுப்போட்டினம், இப்ப நிக்கிறது பிறகு கட்டினது. ஆம்பிளையள் வேட்டி கொண்டு போங்கோ. கும்பிட்டிட்டு உடனே வானில ஏறாமல் கோயிலைச் சுத்தியிருக்கிற மண்மேடுகளைப் பாருங்கோ, அதுதான் மாதோட்டம், பழைய பெரிய துறைமுகம், 1980களில கிண்டிப் பாத்தவைக்குச் சீனத்து மட்பாண்டத் துண்டெல்லாம் அகப்பட்டது. மழை பெஞ்ச பிறகு சில இடத்தில சின்னச் சின்ன ஓட்டுத்துண்டு மேல தெரியும். மகள் ஒண்டைக் குனிஞ்சு பாத்திட்டு, விளிம்பில கோடு இருக்கு அப்பா எண்டாள், தொடாமலே கன நேரம் குந்தியிருந்தாள். எடுத்துக்கொண்டு வாறது சட்டப்படியும் குற்றம்.

நேரம் இருந்தா தெற்கால அரிப்புக்குப் போங்கோ. அல்லிராணி கோட்டை எண்டு சனம் சொல்லும், கட்டினது கவர்னர் நோர்த், முத்துக்குளிப்பைப் பாக்க, 1800களின்ர தொடக்கத்தில. கடல் கரையைத் தின்னுது, விளிம்புக்குப் பிள்ளையளை விடாதேங்கோ. ஐப்பசி, கார்த்திகையில மழை வெள்ளம், ஆடி, ஆவணியில தென்மேற்கால வாற சோழகக் காத்து மண்ணை முகத்தில அடிக்கும், மாசி பங்குனி நல்லம். பள்ளிக்கூட லீவுதான் ஒரே வழியெண்டா ஆவணியிலயும் போகலாம், தொப்பியும் ரெண்டு மடங்கு தண்ணியும் கொண்டு போங்கோ.