மேல்மலை வீட்டிலிருந்து கைப்பின்னல் ஆடை விற்பது எப்படி?

பழனி மலையின் மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி போன்ற ஊர்களில் பின்னத் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. ஆனால் பின்னியதை வீட்டிலிருந்தபடியே விற்றுத் தொழிலாக நிலைநிறுத்தியவர்கள் மிகச் சிலரே. கை வேகம் போதாததே இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், சாலையையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்காமல் தொழிலைத் தொடங்குவதே காரணம். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கிருந்து வத்தலக்குண்டு வரை மலைப்பாதை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ பேருந்து நிற்கும், மின்சாரம் போகும், கைபேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும். ஆகவே வாடிக்கையாளரிடம் நாள் சொல்லும்போது பின்னி முடிக்கும் நாளைச் சொல்லாதீர்கள். பொட்டலம் மலையிறங்கும் நாளைக் கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு வாரமும், மழைக்காலமானால் இரண்டு வாரமும் சேர்த்துச் சொல்லுங்கள். வளைகாப்புக்கும் பிறந்தநாளுக்கும் கேட்பவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். நாள் தவறி வந்த பரிசு அதைவிடப் பிடிக்காது.

எதைப் பின்னுவது என்பதை அடுத்து முடிவு செய்ய வேண்டும். சாதாரண ஸ்வெட்டரையும் மங்கி குல்லாவையும் பஞ்சாபின் பின்னலாடை நகரமான லூதியானாவின் இயந்திரங்கள் தரும் விலைக்கு எந்தக் கையாலும் தர இயலாது; அந்தப் போட்டியில் இறங்காமல் இருப்பதே நல்லது. கொக்கி ஊசியால் போடும் குரோஷா பின்னலை அச்சு அசலாகப் போடும் இயந்திரம் இன்றுவரை பரவலாக வரவில்லை என்பதால் அங்கே கைக்கு மதிப்பு உண்டு. அளவு கேட்டுப் பின்னும் ஆடைகளும், பெயர் போட்ட கைக்குழந்தை செட்டுகளும் அப்படியே. சமவெளியில் வாங்குபவர்களுக்குப் பருத்தி நூலும், சித்திரை, வைகாசி சீசனில் மலையேறி வந்து குளிரில் நடுங்குபவர்களுக்குக் கம்பளியும் என்று பிரித்து வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் வேலை இருக்கும்.

விலையைக் கூச்சமில்லாமல் கணக்குப் போட வேண்டும். ஒரு குரோஷா கைக்குழந்தை செட்டுக்கு நூல் 200 ரூபாய், பதினொரு மணி நேர உழைப்பு மணிக்கு 60 ரூபாய் வீதம் 660 ரூபாய், பொத்தான், அடையாளச் சீட்டு, உறை எல்லாம் சேர்த்து 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அடக்கம் 900 ரூபாய். சேதாரத்துக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 990. தபால் செலவு தனி. "வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே" என்று சொல்லி அந்த 660 ரூபாயை விட்டுக்கொடுப்பவர்கள் சில மாதங்களிலேயே ஊசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். வீட்டுப் பக்கத்திலேயே கம்பளி இருக்க ஏன் வெளியிலிருந்து நூல் வாங்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் வெட்டிய கம்பளியைக் கொழுப்பும் அழுக்கும் போகக் கழுவினால் எடை கணிசமாகக் குறையும்; அதன் பிறகு சிக்கெடுத்துச் சீவி நூற்க வேண்டும். இவற்றுக்கான ஏற்பாடு வீட்டில் இல்லாதவரை ஆயத்த நூலை வாங்கிப் பின்னுவதே கட்டுப்படியாகும்.

நூல் வாங்கும்போது ஒவ்வொரு நூல்கண்டின் சீட்டிலும் உள்ள லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூலுக்கு இடும் எண்ணைப் பாருங்கள். ஒரே நிறம், ஒரே கம்பெனி என்றாலும் வேறு சாயத் தொட்டியில் தோய்ந்த நூல் சற்று வேறாகவே இருக்கும். விளக்கொளியில் தெரியாத வேறுபாடு பகல் வெளிச்சத்தில் மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டையாகத் தெரியும். மதுரையிலோ கோவையிலோ இருப்பவர் மறுநாளே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். மேல்மலையில் இருப்பவர் ஓர் ஆடைக்குத் தேவையான நூலுடன் ஒரு கண்டு கூடுதலாக ஒரே லாட்டில் வாங்கிவிட வேண்டும். எப்படியும் இரண்டு லாட் கலந்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு வரிசை ஒரு கண்டிலும் இரண்டு வரிசை மற்றதிலும் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் பட்டை தெரியாது.

வேலையைப் பகிர்ந்து செய்யும் குழுக்களில் இழுவை வேறுபாடு, அதாவது ஒருவர் இறுக்கமாகவும் மற்றவர் தளர்வாகவும் பின்னுவது, பெரிய தலைவலி. பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி (பின்னலின் ஒரு வளையம்) வரும்படி கணக்கிட்ட ஸ்வெட்டரின் உடல் பகுதிக்கு 220 கண்ணி போட்டால் சுற்றளவு 100 சென்டிமீட்டர். அதே கண்ணிகளைத் தளர்வாக, பத்து சென்டிமீட்டருக்கு 20 வீதம் ஒருவர் பின்னினால் அது 110 ஆகிவிடும். எனவே ஒவ்வொருவரும் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதை நனைத்து உலர்த்திய பிறகு அளக்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒருவர் கையாலேயே முடிய வேண்டும். மார்கழிக் காலையில் விறைத்த விரல்கள் நூலை இறுக்கிப் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மலைவீட்டின் உண்மையான எதிரி ஈரம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு வரை ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அப்படியே மூடிக் கட்டி அனுப்பினால் சென்னை போய்ச் சேர்வதற்குள் முடைநாற்றம் வந்துவிடும். துவைத்ததைக் கொடியில் தொங்கவிடாமல் வலைச்சட்டத்தின் மேல் விரித்து உலர்த்த வேண்டும். தொங்கினால் தன் எடையாலேயே நீளும். வெயில் இல்லாத நாள்களில் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். விறகுப் புகையைக் கம்பளி பிடித்துக்கொண்டால் மறுபடி துவைத்தாலும் எளிதில் போகாது. மலைப்பூண்டைப் புகைபோட்டுப் பதப்படுத்தும் பரணுக்குப் பக்கத்தில் வைத்த ஸ்வெட்டரை அணிந்த குழந்தையை யாரும் கொஞ்ச மாட்டார்கள்.

சேமித்து வைத்ததை அந்துப்பூச்சி அரிக்காமல் காப்பது அடுத்த வேலை. உண்மையில் கம்பளியைத் தின்பது பூச்சியின் புழுதான். வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தை அது விரும்பித் தேடும். ஆகவே துவைத்து, நன்றாக உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இறுக மூடும் பெட்டியில் வைக்க வேண்டும். குழந்தை உடைகளுடன் நாப்தலீன் உருண்டை போடவே கூடாது; பிறவியிலேயே ஒருவகை நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நம் பாட்டிகளின் வழி. வேம்பு இந்தக் குளிரில் வளராது என்பதால் சமவெளியிலிருந்து வரும் உறவினர்களிடம் சொல்லி வைக்க வேண்டும். அதை மட்டும் நம்பிவிடாமல் மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து உதறிப் பாருங்கள்.

பொட்டலம் கட்டுவதில் பணம் மிச்சப்படுத்தலாம். கூரியர் நிறுவனங்கள் பலவும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் எடை, உண்மையான எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. 350 கிராம் ஸ்வெட்டரை 30, 25, 10 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் வைத்தால் அது ஒன்றரைக் கிலோவாகிவிடும். அதையே 28, 22, 5 என்ற அளவுக்கு மடித்துக் கட்டினால் 600 கிராமைச் சற்றே தாண்டும். உள்ளே மெழுகுத் தாள், வெளியே காடாத்துணியில் தைத்த உறை என்ற பழைய முறை மழைக்கும் தாங்கும். வார இறுதிகளில் சுற்றுலா வண்டிகளால் கொடைக்கானல் சாலை நெரியும். திங்கள் முதல் வியாழனுக்குள் அஞ்சலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

படம் எடுக்க மூடுபனி நாளின் பரவலான வெளிச்சம் நல்லதுதான், ஆனால் சிவப்பு மங்கி நீலம் ஏறிவிடும். தெளிந்த காலையில் சன்னலோரம் எடுப்பதே பாதுகாப்பு. முன்பணம் பாதியாவது வாங்காமல் அளவு ஆடையைத் தொடங்க வேண்டாம். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை வெளிமாநில விற்பனைக்கும் கைவினைப் பொருளுக்கும் தனி விதிகள் இருப்பதால், வெளியூர் ஆர்டர் பெருகும்போது ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. நீலகிரித் தோடர்களின் சிவப்பு, கருப்பு நூல் வேலைப்பாட்டைப் பார்த்துப் பின்னி "தோடா எம்பிராய்டரி" என்று பெயரிட்டு விற்க ஆசைப்படாதீர்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், அது அந்தச் சமூகத்துப் பெண்களின் பிழைப்பு.

ஒவ்வொரு ஆடையுடனும் ஒரு சிறு சீட்டை வையுங்கள்: வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியக் கூடாது, விரித்து உலர்த்தவும். வாஷிங் மெஷினில் சுடுநீரில் சுழன்ற கம்பளி சுருங்கித் தடித்துப் போகும். பழி உங்கள் மேல்தான் வரும். அதே லாட்டில் இரண்டு மீட்டர் நூலையும் ஒரு உபரிப் பொத்தானையும் சீட்டோடு குத்தி அனுப்புங்கள். உங்கள் நோட்டில் வாங்கியவர் பெயருக்கு எதிரே லாட் எண், ஊசியின் அளவு, கண்ணிக் கணக்கு, பின்னியவர் யார் என்பதை எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு "தம்பிக்கும் இதே மாதிரி, ஒரு அளவு பெரியதாக வேண்டும்" என்று அழைப்பு வரும்போது மாதிரியைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டியதில்லை.