தீபாராதனையோடு கிளம்பிவிடாதீர்கள்

இந்த வைகாசியில் மாயவரம் பக்கத்துக் கோயில் ஒன்றில் நான்கு இளைஞர்களைப் பார்த்தேன். சுவாமி கோபுர வாசலுக்கு வந்தது, நாகஸ்வரத்தில் மல்லாரி முழங்கியது, தீபாராதனை ஆயிற்று. நால்வரும் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார்கள். “தம்பி, இனிமேல்தானே கச்சேரி” என்றேன். “முக்கியமானதை வீடியோ எடுத்துவிட்டோம் சார்” என்றான் ஒருவன். முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் இப்படிக் கிளம்பியவன்தான். அதனால் எரிச்சல் இரண்டு மடங்காக வந்தது.

செருப்பைக் கண்ட இடத்தில் விடாதீர்கள், தண்ணீர் கொண்டுபோங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்கள் அம்மா இருக்கிறார். திருவிழாக் கச்சேரிக்குப் போகிறவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நோட்டீஸை நம்புவது

இரவு 7 மணி என்று அச்சடித்திருந்தால் சாப்பிட்டுவிட்டு 9 மணிக்குப் போங்கள். திருவையாற்றில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. தியாகராஜ ஆராதனையன்று பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் கோஷ்டிக்குத் தாமதமாகப் போனால் பந்தலுக்கு வெளியேதான் இடம்.

மல்லாரியோடு எழுந்து போவது

மல்லாரி புறப்பாட்டுக்கு உரிய வாத்திய இசை. பெரும்பாலும் கம்பீரநாட்டையில், சாகித்தியம் இல்லாமல், சுவாமி வருகிறது என்று தெருவுக்குச் சொல்வது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர், இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் பந்தியிலிருந்து எழுந்து போகிறவர்.

கிழக்கு பார்த்த கோயில் என்றால் சுவாமி கீழ வீதியில் இறங்கி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலமாகச் சுற்றி வரும். கூட்டம் கீழ வீதியிலேயே கரைந்துவிடும். மேல வீதிக்கு வரும்போது தூக்குகிறவர்கள், மேளக்காரர்கள், வாசலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற வீட்டுக்காரர்கள், இவ்வளவு பேர்தான் மிச்சம். நாகஸ்வரக்காரருக்கு அவசரம் தீர்ந்து, ஒரு ராகத்தை நிதானமாக எடுக்க மனம் வருவது அங்கேதான். அவர் ஒரு பிடி பிடித்து நிறுத்துவார். அந்த இடைவெளியில் தவில் நாலு சொல் சொல்லும். மறுபடி அவர் எடுப்பார். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறோம். அப்படி ஒரு தோடிக்கு இந்த மாதிரி ராத்திரி வேண்டும். சபா கடிகாரம் போதாது.

என் கதை 1994-இல் நடந்தது. 10.50-க்குக் கும்பகோணத்துக்குக் கடைசி பஸ். தீபாராதனை முடிந்ததும் ஓடிப்போய் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்ததற்கு மகிழ்ந்தும்கொண்டேன். மறுநாள் காலை, அங்கேயே தங்கிவிட்ட நண்பர் கண் சிவக்க வந்து சேர்ந்தார். மேல வீதி முடிகிற மூலையில் கரகரப்ரியாவாம். தூக்குகிறவர்கள் சுவாமியைக் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்களாம். நடுவில், வாயில் வைத்து ஊதும் சீவாளி சரிப்படவில்லை. வாத்தியத்தில் கட்டித் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து, உதட்டில் நனைத்து, ஊதிப் பார்த்து, வேண்டாம் என்று விட்டு அடுத்ததை எடுத்தாராம் வித்துவான். அவ்வளவு நேரமும் சுருதி கொடுக்கும் ஒத்து மட்டும் ஒலித்துக்கொண்டிருக்க, ஒரு ஆள் நகரவில்லையாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த உற்சவத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். மாசியில் அந்த வித்துவான் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அவரிடம் கேட்டது மல்லாரி ஒன்றுதான். ஜன்னலோர இடமும் ஆறு மணி நேரத் தூக்கமும் எனக்கு லாபம்.

ஆகவே மதியம் தூங்கிவிட்டு வாருங்கள். சுவாமி எங்கெங்கே நிற்கும் என்று, அன்றைய உற்சவச் செலவை ஏற்கிற மண்டகப்படிக்காரர் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அதில் மேல வீதியிலோ வடக்கு வீதியிலோ ஒரு திண்ணை பார்த்து முன்கூட்டியே உட்கார்ந்துவிடுங்கள். மேளம் சுவாமிக்கு முன்னால் வரும், ஜெனரேட்டர் வண்டி பின்னால் வரும். பின்னால் நடந்து வந்தால் டீசல் எஞ்சின் கச்சேரிதான் கேட்கும். கடைசி பஸ்ஸை மறந்துவிட்டு, விடியற்காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள்.

அணைசுக்கு நேர் எதிரே நிற்பது

அணைசு என்பது நாகஸ்வரத்தின் அகன்ற வாய். திறந்தவெளியில் தெருக்கோடிவரை கேட்க வேண்டும் என்று செய்த வாத்தியம் அது. பதினைந்து அடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். ஆனால் தவில்காரரின் வலது கை தெரிகிற பக்கமாகப் பாருங்கள். விரல்களில் மாட்டிய கூடுகள் தோலில் விழுந்து எழுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டால் தாளக் கணக்கு புரியாதவனுக்கும் கொஞ்சம் பிடிபடும். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

மெல்லிசைக் கச்சேரியில் முதல் பாட்டிலேயே விருப்பப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்புவது

பக்திப் பாடல்கள் இரண்டு மூன்று முடியட்டும். எல்லா ஊரிலும் பாடுகிற பாட்டைச் சீட்டு இல்லாமலே பாடிவிடுவார்கள். சீட்டை அபூர்வமான பழைய பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டுக்காரர் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்து உங்களைத் தேடுவார். அந்தப் பாட்டு நன்றாக இருக்கும்.

கரகாட்டக்காரர் மேல் ரூபாய் நோட்டைக் குத்துவது

கூடாது. ஆட்டம் முடிந்ததும் கையில் கொடுங்கள்.

மெலட்டூரில் நடுராத்திரியில் எழுந்திருப்பது

நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, தஞ்சாவூர் பக்கத்து அந்த ஊரில் நடக்கும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்துக்கு, மேலே சொன்ன அதே நோயோடு வருகிறார்கள். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய பிரகலாத சரித்திரம் தெலுங்கில் இருக்கிறது. பிரகலாதனின் தாய் லீலாவதி உட்பட எல்லா வேடமும் ஆண்கள்தான். மொழி புரியவில்லை என்று பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிறவர்களைக் கண்டால் பாவமாக இருக்கும். பிரகலாதன் கதை தெரியாதவர் யார்? நரசிம்மர் வருவதற்கு விடியற்காலை ஆகிவிடும். ஒரு போர்வை கொண்டுபோய், தூக்கம் வந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஒரு வருடம் இரணியன் “எங்கே உன் ஹரி?” என்று தூணைக் காட்டி உறுமுகிறான், எனக்கு அடுத்த நாற்காலிக்காரர் குறட்டை விடுகிறார். எழுப்பலாமா என்று நான் யோசிப்பதற்குள், அந்தப் பக்கம் இருந்த அவருடைய மனைவி முழங்கையால் ஒன்று வைத்தார்.