கட்ச் சுண்ணாம்புக்கல்லின் பெரிய ஃபோராமினிஃபெராக்களை இனங்கண்டு விவரிக்கும் முறை

மேற்குக் கட்ச்சின் ஃபுல்ரா சுண்ணாம்புக்கல் மத்திய இயோசீன் காலத்தில் (ஏறத்தாழ 4.8 முதல் 3.8 கோடி ஆண்டுகளுக்கு முன்) ஆழமற்ற கடலில் படிந்தது. நும்முலைட்டஸ், அசிலினா, டிஸ்கோசைக்ளினா, அல்வியோலினா ஆகிய பெரிய ஃபோராமினிஃபெராக்களின், அதாவது ஓடுடைய ஒருசெல் கடலுயிரிகளின், ஓடுகள் அதில் நிறைந்து கிடக்கின்றன. நும்முலைட்டஸ் அக்யூட்டஸ், டிஸ்கோசைக்ளினா டிஸ்பான்சா போன்ற இனங்களை ஆங்கிலேய இயற்கையியலாளர் சோவர்பி 1840இல் விவரித்தது கட்ச்சிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டுதான். ஆகவே இம்முறையைக் கற்க இதைவிடப் பொருத்தமான பாறை இல்லை என்பது என் கருத்து.

மாதிரிகளைப் படுகை (பாறை அடுக்கு) வாரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் இட வேண்டும். களிமண் கலந்த மென்பாறையாக இருந்தால் நீரில் ஊறவைத்துச் சல்லடையில் கழுவினாலே ஓடுகள் தனித்தனியாகப் பிரியும். அமிலத்தைத் தொடவே கூடாது. பாறையைப் போலவே ஓடும் கால்சைட்டால் ஆனது என்பதால் இரண்டும் சேர்ந்தே கரைந்துவிடும்.

தனித்த நும்முலைட்டஸ் ஓட்டை இடுக்கியால் பிடித்துச் சுடரில் சூடாக்கி உடனே குளிர்ந்த நீரில் போட்டால், பெரும்பாலும் அது நடுத்தளத்தின் வழியே இரண்டாகப் பிளந்து சுருளையும் தடுப்புச் சுவர்களையும் காட்டும். சூடாக்குவதற்கு முன்பே வெளிப்பரப்பைப் படமெடுத்து, விட்டத்தையும் தடிமனையும் அளந்து, பரப்பிலுள்ள புள்ளிமேடுகளையும் (சிறு மேடுகள்), தடுப்பிழைகள் (தடுப்புச் சுவர்கள் வெளிப்பரப்பில் காட்டும் கோடுகள்) நேராக ஓடுகின்றனவா, வளைந்து நெளிகின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கடினப் பாறையில் சிக்கிய ஓடுகளுக்கு ஒளி ஊடுருவும்படி 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பாறைத் தகடான மென்சீவல்தான் வழி. வெட்டு முதல் அறையின் மையத்தைத் தொடாமல் போனால் அளவுகள் அனைத்தும் பிழையாகும் என்பதால், சாய்வாக வெட்டுப்பட்ட ஓடுகளை அளவீட்டிலிருந்து ஒதுக்கிவிட வேண்டும்.

பேரினத்தைப் பிரிப்பது ஒப்பீட்டளவில் எளிது. அல்வியோலினாவின் பீங்கான் போன்ற சுவர் நுண்ணோக்கியில் கருமையாகத் தெரியும். மற்ற மூன்றின் சுவர்கள் ஒளி ஊடுருவுபவை. நும்முலைட்டஸில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதை முழுவதும் மூடுகிறது. அசிலினாவிலோ உட்சுற்றுகள் பக்கவாட்டில் மூடப்படாமல் பெரும்பாலும் வெளியே தெரிகின்றன. டிஸ்கோசைக்ளினாவில் சுருளுக்குப் பதிலாக நீள்சதுரச் சிற்றறைகள் வட்டவட்டமாக அடுக்கப்பட்டிருக்கும்.

கடினமானது இனத்தை முடிவு செய்வதே. இவ்வுயிரிகளில் ஒரே இனத்துக்கு இரு தலைமுறை வடிவங்கள் உண்டு: பெரிய முதல் அறையும் சிறிய ஓடும் கொண்டது ஒன்று, மிகச் சிறிய முதல் அறையும் பல சுற்றுகளும் பெரிய ஓடும் கொண்டது மற்றொன்று. முற்கால ஆய்வாளர்கள் பலமுறை இவ்விரண்டையும் இரு தனி இனங்களாகப் பெயரிட்டுவிட்டனர். அந்தக் குழப்பத்தின் சுமை இன்றும் ஆய்வு நூல்களில் இருப்பதால், ஒரே படுகையில் சேர்ந்து கிடைக்கும் இரு வடிவங்களை இணைத்துப் பார்க்காமல் புதுப்பெயர் இடுவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து, முதல் அறையின் விட்டம், ஒவ்வொரு சுற்றின் ஆரம், சுற்றுக்கு எத்தனை தடுப்புகள், விளிம்புப் பட்டையின் (சுற்றின் வெளிவிளிம்பில் ஓடும் தடித்த பட்டை) தடிமன் ஆகியவற்றை ஒரு ஓட்டில் மட்டுமல்லாமல், அதே படுகையிலிருந்து கிடைக்கும் இயன்ற அளவு பல ஓடுகளில் அளந்து, சராசரியோடு மேல், கீழ் எல்லைகளையும் தர வேண்டும். டிஸ்கோசைக்ளினா டிஸ்பான்சாவின் துணை இனங்கள் இரண்டாம் அறையின் சராசரி விட்டத்தைக் கொண்டே பிரிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு மாதிரியை வைத்து அங்கே எதையும் தீர்மானிக்க இயலாது. அல்வியோலினாவுக்கு நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமும், உட்சுற்றுகளின் அடித்தளம் எந்தச் சுற்றுவரை தடித்துள்ளது என்பதும் முக்கியம்.

விவரணையை வெளித்தோற்றத்தில் தொடங்கி, நடுவெட்டு (நடுத்தளத்தின் வழியான வெட்டு), அச்சுவெட்டு (சுருளின் அச்சின் வழியான வெட்டு) என்ற வரிசையில் எழுதி, அதன்பின் நெருங்கிய இனங்களிலிருந்து வேறுபடும் பண்புகளைத் தனிப்பத்தியில் சொல்ல வேண்டும். அளவுகள் ஓர் இனத்தின் எல்லையைச் சற்றே மீறும்போது, உறுதியான பெயர் சூட்டாமல் 'இன்ன இனத்தை ஒத்தது' என்றே பதிய வேண்டும். படமாக்கிய ஓடுகளையும் சீவல்களையும் எண்ணிட்டு, பிறர் மீண்டும் அளக்கும்படி ஒரு பொதுச் சேகரிப்பில் ஒப்படைத்த பிறகே கட்டுரையை வெளியிட வேண்டும்.