எண்ணெயைத் தூளுக்குள் அடைத்தல்: ஈரக்காற்றுள்ள ஊருக்கான செய்முறை

திரவத்தைச் சூடான காற்றுக்குள் நுண்துளிகளாகத் தெளித்துத் தூளாக்கும் கருவியான தெளிப்பு உலர்த்தியில் எண்ணெயைத் தூளாக்க முற்படும் மாணவர்கள், வந்தாறுமூலையில் படித்தாலும் ஒலுவிலில் படித்தாலும், முதலில் கேட்பது உலர்த்தியின் வெப்பநிலையைத்தான். ஆனால் தூளின் தரம் பெரும்பாலும் அதற்கு முன்பே, பால்மம், அதாவது நீரில் எண்ணெய் நுண்துளிகளாகப் பரவிய கலவை, தயாராகும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

முதல் முயற்சிக்கு நல்லெண்ணெய் உகந்தது. அதிலுள்ள சீசமோல் போன்ற சேர்வைகள் ஒட்சியேற்றத்தைத் தாமதப்படுத்துவதால், சிறு தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும், மீனெண்ணெய் பொறுக்காது. ஒரு கிலோகிராம் பால்மத்துக்கு 650 கிராம் நீர், 140 கிராம் அரபுப் பிசின், 140 கிராம் மோல்டோடெக்ஸ்ட்ரின் (மாப்பொருளிலிருந்து பெறப்படும் தூள்), 70 கிராம் எண்ணெய் போதும். எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து பிடிப்பது பிசின். மோல்டோடெக்ஸ்ட்ரின் உறையைத் தடிப்பாக்குமே தவிர, தனியே எண்ணெயைப் பிடிக்காது. ஆகவே மலிவு கருதிப் பிசினைக் குறைத்துவிடக் கூடாது.

பிசினை முதல்நாள் இரவே நீரில் ஊறவிட்டு, தெளிப்புமுனை அடைபடாதிருக்க மறுநாள் துணியில் வடித்து, மோல்டோடெக்ஸ்ட்ரினைக் கரைத்த பின், அதிவேகக் கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெயை நூல்போல் ஊற்ற வேண்டும். கலக்கியின் தலை திரவத்துக்கு மேலே வந்தால் நுரை எழும். அந்தக் காற்று துகளுக்குள் சிறைப்பட்டு, உள்ளிருந்தே எண்ணெயைக் கெடுக்கும். பின்னர் பால்மத்தை உயரமுக்க ஏகவினமாக்கியில் (ஒடுங்கிய இடைவெளியூடாகத் தள்ளித் துளிகளைச் சிறிதாக்கும் கருவி) இரண்டு தடவை செலுத்தி, துளிகளை 2 மைக்ரோமீற்றருக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அளவுசாடியில் ஒரு மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் வளையம் தெரிந்தால், அன்று உலர்த்தியை இயக்காதீர்கள்.

உலர்த்தியில் முதலில் வெறும் நீரை ஓடவிட்டு வெப்பநிலையை நிலைப்படுத்துங்கள். உட்செல்லும் காற்று 170 பாகை செல்சியசிலும், வெளியேறும் காற்று 80 முதல் 90 பாகைக்குள்ளும் இருப்பது தொடக்கத்துக்குப் பொருத்தம். நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை துளி காற்றளவுக்குச் சூடாகாது; அதற்குள் மேற்புறம் காய்ந்து இறுகி எண்ணெயைப் பூட்டிவிடும். தூள் சுவரில் ஈரமாக ஒட்டினால், பால்மத்தை ஊட்டும் பம்பியின் வேகத்தைக் குறையுங்கள்.

கிடைத்த தூளில் சிறிதளவை வடிதாள்களுக்கிடையே வைத்து அழுத்தினால், உறைக்கு வெளியே தங்கிய எண்ணெய் கறையாகத் தெரியும்.

இனி எஞ்சியிருக்கும் சேமிப்பே மட்டக்களப்பின் மாரியில் கடினமான பகுதி. வாவிக்கரையின் ஈரக்காற்றைத் தூள் விரைவாக உறிஞ்சும். உறை இளகிக் கட்டிபடும். பூட்டிய எண்ணெய் கசியும். ஆகவே தூளை மூடிய போத்தலிலேயே ஆறவிட்டு, ஆறியதும் அலுமினியப் பைகளில் வெப்பத்தால் ஒட்டி மூடுங்கள். ஒரு தடவைப் பாவனைக்கு வேண்டிய அளவையே ஒவ்வொரு பையிலும் இடுங்கள். திறந்த பையை மறுபடி ஒட்டுவதால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேறாது.