ஜப்பானிய, கொரிய செயப்பாட்டு வினை: 'ஆல்', 'பட்டது' இழுத்துவிடும் தவறுகள்

ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்த முதல் வருடம், ரயிலில் என் பர்ஸ் திருடு போனது. அன்றைய டைரிப் பயிற்சியில் "சைஃபு கா நுசுமரேத்தா" என்று எழுதினேன். சைஃபு என்றால் பர்ஸ். நுசுமரேத்தா என்றால் திருடப்பட்டது. ஆசிரியை சிவப்புப் பென்சிலால் அந்தக் 'கா'வை மட்டும் வட்டமிட்டு, மேலே 'ஓ' என்று எழுதிக் கொடுத்தார். 'கா' எழுவாயைக் காட்டும். 'ஓ' நம் 'ஐ' உருபு மாதிரி. திருடப்பட்ட பொருளுக்கு எப்படி 'ஐ' வரும் என்று எனக்குப் புரியவே இல்லை.

வீட்டில் அதைத் தமிழில் சொன்னபோதுதான் பிடிபட்டது. "பர்ஸைப் பறிகொடுத்துட்டேன்." நாம் யாரும் வீட்டில் "என் பர்ஸ் திருடப்பட்டது" என்று சொல்வதில்லை. எழுவாய் நான், பர்ஸுக்கு 'ஐ'. ஜப்பானிய வாக்கியமும் அதேதான். 'கா' போட்டால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் பர்ஸைப் பற்றிய அறிக்கை போல இருக்கும். பறிகொடுத்தவரின் வருத்தம் அதில் வராது.

தமிழர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. பள்ளியில் படித்த "கண்ணனால் பாடம் படிக்கப்பட்டது" என்ற அச்சை எடுத்துக்கொண்டு போகிறோம். செய்பவருக்கு 'ஆல்' தேடி, 'நி யொத்தே' என்ற உருபைக் கண்டுபிடித்து எல்லா இடத்திலும் ஒட்டுகிறோம். "நாய் என்னைக் கடித்தது" என்பதைச் செயப்பாட்டில் சொல்ல "இனு நி கமரேத்தா" போதும். அந்த 'நி'க்கு நம் வீட்டுத் தமிழில் நிகர் உண்டு: "நாய்கிட்ட கடி வாங்கினேன்", "அம்மாகிட்ட திட்டு வாங்கினேன்". 'ஆல்' இல்லை, 'கிட்ட'தான். கொரிய மொழியிலும் "கே ஹந்தே முல்யொத்தா". ஹந்தே என்பதும் 'கிட்ட' வகைதான். 'நி யொத்தே'யின் இயல்பான இடம் கட்டியது, எழுதியது, கண்டுபிடித்தது போன்ற ஆக்க வினைகள். கியோட்டோவின் நிஜோ கோட்டை 1603-இல் தொகுகாவா இயெயாசுவால் கட்டப்பட்டது என்று எழுத அது வேண்டும். நாய்க்கடிக்கு வேண்டாம்.

அடுத்தது, அழு, இற போல 'எதை' என்ற கேள்விக்கு இடமில்லாத, செயப்படுபொருள் குன்றிய வினைக்குச் செயப்பாடு கிடையாது என்ற நம்பிக்கை. தமிழில் சரி. ஜப்பானிய மொழியில் மழைகூடச் செயப்பாட்டில் வரும். "அமே நி ஃபுரரேத்தா" என்றால் மழையில் மாட்டிக்கொண்டேன். "அகச்சான் நி நகரேத்தா" என்றால் குழந்தை அழுது என்னைப் படுத்திவிட்டது. "சிச்சி நி ஷினரேத்தா": அப்பா இறந்துபோனார், நான் தவித்து நின்றேன். "அப்பாவைப் பறிகொடுத்தான்" என்கிறோமே, அதே பாரம். பர்ஸுக்கும் அப்பாவுக்கும் நாம் ஒரே வினையைப் பயன்படுத்துவதை ஜப்பானிய மொழி படித்த பிறகுதான் கவனித்தேன்.

பாதிப்பைச் சொல்லும் இந்த வடிவத்தை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினால் மனம் புண்படும். இந்தத் தவறைத்தான் முதலில் திருத்திக்கொள்ளச் சொல்வேன். நண்பர் உங்களைப் படம் எடுத்துத் தந்திருக்கிறார். "ஷஷின் ஓ தொரரேத்தா" என்றால், கேட்காமல் படம் எடுத்துவிட்டார் என்ற முகச்சுளிப்பு வந்துவிடும். "தொத்தே மொரத்தா", அதாவது எடுத்துத் தரப் பெற்றேன் என்பதே நன்றி சொல்லும் வடிவம். அதற்காக எல்லாச் செயப்பாடும் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஆசிரியர் பாராட்டினால் "சென்செய் நி ஹொமெரரேத்தா" என்று தாராளமாகச் சொல்லலாம். பாராட்டு என்ற சொல்லிலேயே நன்மை இருக்கிறது.

'தபெரரேரு' என்ற ஒரே வடிவம் சாப்பிட முடியும், சாப்பிடப்படும் என்ற இரண்டுக்கும் வரும். மரியாதை வடிவமும் அதுவே. பேச்சில் பலர் 'முடியும்' பொருளுக்கு நடு 'ர'வை விட்டு 'தபெரேரு' என்பார்கள். அதைப் பார்த்துச் செயப்பாட்டிலும் விடாதீர்கள். அங்கே 'ர' போகவே போகாது.

அப்புறம் கொரிய மொழி. ஜப்பானியம் படித்துவிட்டு வருபவர்கள் மழை வாக்கியத்தை அப்படியே கொண்டுவரப் பார்க்கிறார்கள். கொரிய மொழியில் மழைக்குச் செயப்பாடு கிடையாது. "பி ருல் மஜத்தா" என்பார்கள். 'மத்தா' என்ற அந்த வினைக்கு அடி வாங்கு என்று பொருள். மழையும் அதே வினை, ஊசி போட்டுக்கொள்வதும் அதே வினை. பர்ஸ் திருடு போனாலும் 'தொதுக்', அதாவது திருடன் என்ற சொல்லோடு அதையே சேர்த்துச் சொல்வார்கள்.

பெயர்ச்சொல்லோடு சேரும் துணைவினைகளிலும் கவனம் வேண்டும். அழைப்பு, பாராட்டு, அன்பு போன்றவற்றுக்குப் பெறு என்னும் 'பத்தா'. மோசடி, அலட்சியம், நிராகரிப்புக்கு ஆளாகு என்னும் 'தங்ஹடா'. கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டதை 'தங்ஹடா' போட்டுச் சொன்னால், அந்த அழைப்பே ஒரு தொல்லையாக வந்தது போல ஒலிக்கும்.

கொரிய வினைகள் பலவற்றுக்கு இ, ஹி, ரி, கி என்ற நான்கில் ஒன்று சேர்ந்து செயப்பாடு வரும். எதற்கு எது என்பதை வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள். விதி தேடிக் களைக்க வேண்டாம். ஒருமுறை சேர்ந்த பிறகு இன்னொரு செயப்பாடு சேர்ப்பதுதான் சிக்கல். மறக்கப்படு என்பதற்கு 'இச்சிடா' போதும். 'இச்சொஜிடா' என்றால் "மறக்கப்படப்பட்டது" போல இரட்டிப்பு. பாட்டிலும் பேச்சிலும் இதைக் கேட்பீர்கள். ஆனால் தேர்வில் எழுதினால் பிழைதான்.

'பார்' என்ற 'பொதா'விலிருந்து வரும் 'பொயிதா'வும் அப்படித்தான். இதைப் பார்க்கப்படுகிறது என்று தமிழாக்கினால் உடனே 'பொயொஜிதா' என்று நீட்டத் தோன்றும். ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொரியர் "சான் இ பொயொயோ" என்பார், ஜப்பானியர் "யமா கா மியேரு" என்பார். நாம் "மலை தெரியுது" என்போம்.