டிஸ்லெக்சியா: தமிழை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

என் தமிழ் வகுப்பில் ஒரு பையன். கோயிலில் தேவாரம் பாடச் சொன்னால் ஒரு வரி பிசகாது. அதே பாட்டைத் தாளில் காட்டி, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றால் என் முகத்தைப் பார்ப்பான். அவனுக்கு வாசிக்கத் தெரியும் என்றே நான்காம் வகுப்புவரை நம்பியிருந்தோம். பிள்ளை அத்தனையையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான்!

மொரீஷியஸில் இப்படிப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் நாம் அதிகம் செய்கிற தவறு, மொழிகள் மேல் பழிபோடுவது. வீட்டில் உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோல், பாடநூல் ஆங்கிலத்தில், பிரெஞ்சு கட்டாயம், அப்புறம் தமிழ். பிள்ளை தடுமாறினால் முதல் வெட்டு தமிழுக்குத்தான் விழும். தமிழ் டீச்சர் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் (கொஞ்சம் அதுவும் உண்டு). சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமம் டிஸ்லெக்சியா. நான்கு மொழி படிப்பதால் அது வராது, ஒன்றை விட்டால் போகவும் போகாது.

ஆனால் மொழிக்கு மொழி அதன் முகம் மாறும். பள்ளியைக் கிரியோலில் 'லேகோல்' என்று சொல்கிறபடியே எழுதுகிறோம். பிரெஞ்சு 'எக்கோல்' கடைசியிலும் ஆங்கில 'ஸ்கூல்' நடுவிலும் ஒலிக்காத எழுத்து ஒன்று உட்கார்ந்திருக்கும். பிழை அங்கே கொட்டும். தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும் என்பதால் பிழை குறையலாம். வாசிப்பு மட்டும் நத்தையாக ஊரும். "தமிழில் பரவாயில்லையே" என்று நான் ஏமாந்ததும் அங்கேதான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வீட்டில் காதில் விழாத ஆங்கிலத்தில் மட்டும் பிள்ளை திணறினால், மொழிப் பழக்கம் போதாததே காரணமாக இருக்கலாம். அதனால் மதிப்பீடு செய்பவரிடம் வீட்டில் பேசுவது கிரியோல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேள்வியே புரியாத மொழியில் சோதித்தால் முடிவை நம்ப முடியாது.

"பி.எஸ்.ஏ.சி. வரட்டும், பார்க்கலாம்" என்பது இன்னொரு தவறு. அது ஆறாம் வகுப்பு முடிவில் வருகிற தேர்வு. அதற்குள் பிள்ளை தன்னை மக்கு என்று முடிவுகட்டியிருப்பான். ஐந்து, ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம், அதற்குப் பதறவேண்டாம். இரண்டு வருடம் படித்த பிறகும் சின்னச் சொற்களை ஊகித்தே வாசித்தால் காத்திருக்காதீர்கள். ட்யூஷனில் அதே பாடத்தை இன்னொரு தடவை ஓட்டுவதும் பயன் தராது. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகச் சேர்த்துச் சொல்லித்தரும் முறை வேண்டும். வாசிப்பைச் சரிசெய்யும் என்று விற்கிற வண்ணக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள், சரியா?

சோம்பேறி என்று திட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1896-இலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க வராத 14 வயதுப் பையனைப் பற்றி எழுதிவிட்டார். நாம்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

மதிப்பீட்டுக்கு முன் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். இதற்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. கல்வி உளவியலாளர் பிள்ளையோடு உட்கார்ந்து ஒலி பிரித்தல், அர்த்தமில்லாத சொற்களை வாசித்தல், எழுத்துக்கூட்டல், நினைவில் வைத்தல் எல்லாம் பார்ப்பார். அர்த்தமில்லாத சொல்லை மனப்பாடத்தில் ஓட்ட முடியாதே, எங்கள் பையன் அங்கேதான் பிடிபட்டான். அறிக்கை வந்ததும் அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். வகுப்பு ஆசிரியர் கையில் அது இருக்கவேண்டும். பின்னால் உயர்நிலைப் பள்ளியில் எழுதுகிற கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் கூடுதல் நேரம் கேட்கவும் அப்படி ஒரு சான்று வேண்டும்.

டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்ந்து வருவதால், "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி?" என்று உளவியலாளர் கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினார். பி.எஸ்.ஏ.சி.க்கு முன் இருந்த பழைய சி.பி.இ. தேர்வில் இரண்டு தடவை தோற்றுத் தச்சு வேலைக்குப் போன அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "இந்த வயதில் எனக்கும் பார்க்க முடியுமா?"

முடியும் என்றார்.