பழுதுபார்க்கும் குழுவோடு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு

சபைக் கட்டடம், போதகர் வீடு, பிள்ளைகள் விடுதி என்று எங்கே ஒழுகுகிறதோ அங்கே போய்ச் சரிசெய்து கொடுக்கும் குழுவில் சேர ஆசைதான், ஆனால் எனக்குக் கைவேலை தெரியாதே என்று தயங்குகிறீர்களா? வேதாகமத்தில் நெகேமியா 3-ம் அதிகாரத்தை ஒரு தடவை வாசியுங்கள். எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டியவர்களில் தட்டார் இருக்கிறார்கள், தைலக்காரர் இருக்கிறார்கள், சல்லூம் தன் குமாரத்திகளோடு வந்து நிற்கிறார். கொத்து வேலை தெரிந்தவர்கள் மட்டும் வாருங்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, வேலையும் 52 நாளில் முடிந்தது. இன்றைய குழுக்களிலும் பழைய பெயின்டைச் சுரண்ட, சாமான் எடுத்துக் கொடுக்க, சமைக்க, கணக்கு எழுத எப்போதும் ஆள் தேவை.

விண்ணப்பத்தில் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வீட்டில் இரண்டு ஸ்விட்ச் மாற்றியதை வயரிங் அனுபவம் என்று எழுதினால் அதை நம்பித்தான் தலைவர் வேலையைப் பிரிப்பார். முதுகுவலி, சர்க்கரை, உயரத்தில் ஏறினால் தலைசுற்றல், எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயணச் செலவு பெரும்பாலும் நம்முடையது, தங்க இடம் நாம் போகிற இடத்தார் தருவார்கள். இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருக்கும் இடமென்றால் காவல்துறைச் சான்றிதழ் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் 10 வருஷம் ஆகியிருந்தால் கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி கெட்டியான ஷூ, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பெயர் எழுதிய உங்கள் சொந்தக் கருவிகள், இவை போதும்.

போன அன்றைக்கே சுத்தியலை எடுக்காதீர்கள். நெகேமியாவும் யாரிடமும் எதுவும் சொல்வதற்கு முன் இரவில் போய் அலங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அங்கேயே வாழ்கிறவரைக் கூட்டிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகும், எந்தக் குழாய் ராத்திரியில் சத்தம் போடும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். குழுக்கள் அதிகம் சறுக்குவது சுவர் ஓதத்தில், அதாவது சுவரில் ஈரம் ஊறுவதில்தான். உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்து நிற்கும் சுவரைப் பார்த்ததும் சுரண்டிவிட்டுப் புதுப் பெயின்ட் அடித்துப் படமும் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கே உரிந்துவிடும், பிறகு அந்தச் சபைதான் இன்னொரு தடவை காசு தேட வேண்டும். அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயா, மேல்தளத்தில் விரிசலா, சுவருக்குள் கசியும் பைப்பா, வெளிப்பக்கம் மண் சுவரின் மேல் ஏறிக் கிடக்கிறதா, ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதைச் சரிசெய்த பிறகு சுவர் நன்றாகக் காயவேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். உங்கள் நாட்கள் போதாவிட்டால் பெயின்ட்டை அடுத்த குழுவுக்கு விட்டுவிடுங்கள். பார்க்க ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும், பரவாயில்லை.

பாதுகாப்பில் விசுவாசம் என்ற பெயரில் துணிச்சல் காட்டவே கூடாது. சாத்தும் ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். கூரையில் ஏறுவதானால் ஏணி விளிம்பைத் தாண்டி 3 அடி மேலே நிற்கட்டும். மின்வேலை உரிமம் பெற்றவரிடம் மட்டுமே. மெயினை அணைத்துப் பூட்டி, டெஸ்டரால் பார்த்த பிறகே கம்பியைத் தொட வேண்டும். பழைய சிமென்ட் ஷீட் கூரையில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம், அதை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், நனைக்காமல் உலர்ந்தபடியே தேய்த்தால் அந்தத் தூசு பிள்ளைகளின் மூச்சில்தான் போகும்.

காலையில் ஜெபம், வேதவாசிப்பு, அப்புறம் வேலை என்றுதான் நாள் போகும். தலைவர் சொன்ன முறை உங்களுக்குப் பிடிக்காவிட்டால் தனியாகப் போய்ச் சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும் வேண்டாம். மதியம் அங்குள்ள பாட்டி பேச உட்கார்ந்தால் கரணையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள், அதுவும் வந்த வேலைதான். விடுதிப் பிள்ளைகளைப் படமெடுத்துப் போடாதீர்கள்.

கடைசி இரண்டு நாளில் புதிதாக எதையும் பிரிக்க வேண்டாம் என்று குழுவாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதியில் கழற்றிப் போட்ட கழிவறையைவிட ஒழுகும் கழிவறையே மேல். பராமரிப்பைப் பார்த்துக்கொள்பவரைக் கூடவே வைத்து, வாஷர் மாற்றுவது, குழாய் மூட்டில் ஒழுகாமல் டெஃப்லான் டேப் சுற்றுவது, மழைக்கு முன் குழாயில் இலை அள்ளுவது, இவற்றை அவர் கையாலேயே ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். கிளம்பும்போது ஒரு தாளில் தண்ணீர் மெயின் வால்வு எங்கே, எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு, அடித்த பெயின்ட்டின் நிற எண் என்ன, எது முடியாமல் நிற்கிறது என்று எழுதி, சுவர்களை மூடுவதற்கு முன் எடுத்த பைப், வயர் படங்களோடு சேர்த்து அவரிடம் கொடுங்கள். இன்னொரு பிரதி அடுத்து வரும் குழுவின் தலைவருக்கு.